ஏறியவர் எண்ணிக்கை

தலைமை அலுவலகத்து அதிகாரி நாலு நாளாகப் பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“எக்ஸ்பிரஸ்ல ஏறினவங்க பூஜ்யம், இறங்கினவங்க பூஜ்யம். இந்த ஊருக்கெல்லாம் எதுக்குய்யா எக்ஸ்பிரஸ்?”

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார்.

“ஆறு லட்சம் பேர் இருக்கிற ஊர் சார். நாலு காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி, தெருவுக்குத் தெரு பட்டறை. என் பொண்ணே தினம் அந்த வண்டியிலதான் வேலைக்குப் போறா.”

“கதை விடாதீங்க. கண் கொட்டாம பார்க்கிறேன், ஒரு ஈ காக்கா ஏறல.”

“அது ஏன்னா சார்…”

“பாரத்துல ரெண்டே கட்டம்தான். விளக்கம் எழுத இடமில்ல.”

மணி அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வழக்கம்போலப் பச்சைக் கொடியைத் தூக்கிப் பிடித்தார்.

எக்ஸ்பிரஸ் என்றும்போல நிற்காமல், பிளாட்பாரத்தை அதிரவைத்துக்கொண்டு பறந்தது. விடியுமுன்னே பஸ் பிடித்து, முந்தின ஊர் ஸ்டேஷனுக்குப் போய் அதில் ஏறியிருந்த மகள், ஜன்னலிலிருந்து அப்பாவுக்குக் கை காட்டிக்கொண்டே போனாள்.

“இன்னிக்கும் பூஜ்யம்” என்ற அதிகாரி, பாரத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘இந்த ஊரில் வண்டி நிற்கத் தேவையில்லை.’