சிவப்புக் கொடிக்கு மைனஸ் முப்பது

“மனுஷ குலம் இருநூறு வருஷமா அடிச்சுக்கிட்ட ஒரு விவகாரத்தை நான் ஒரே கட்டத்துல முடிச்சுட்டேன்” என்றார் தலைமை வடிவமைப்பாளர், துளியும் சிரிக்காமல். “பொதுவுடைமை: உற்பத்தி மைனஸ் முப்பது. அவ்வளவுதான். சரித்திரம் முடிஞ்சுது, டீ குடிக்கலாம்.”

அந்த அலுவலகத்தில் நாடுகளைக் கட்டி ஆளும் கம்ப்யூட்டர் கேம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மன்னராட்சி, மக்களாட்சி, பொதுவுடைமை என்று எதை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். எதை எடுத்தால் நாடு தேறும், எதை எடுத்தால் நாறும் என்பதை அவர்தான் அட்டவணையில் எழுதுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘மாமன்னர்’ என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், சரித்திரம் முடிய மறுத்தது. மூன்று வாரமாகத் திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், மைனஸ் முப்பது பிளஸ் முப்பதாகியிருந்தது. சிவப்புக் கொடி நாடு மற்ற நாடுகளைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றுகிறவர் பக்கத்துக் கட்டத்தில் இனிஷியல் போட வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டம் காலி.

மாமன்னர் வாராவாரம் அதைத் திரும்ப மைனஸ் ஆக்கினார். அது வாராவாரம் திரும்ப பிளஸ் ஆனது.

அவருடைய சந்தேகமெல்லாம் டெஸ்டர் பெண் மேல். நாள் முழுக்க ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு கூட்டத்தில், “மைனஸ் முப்பதுன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க சார்?” என்று கேட்டுத் தொலைத்திருந்தாள். உடனே மாமன்னர், படம் வரைகிறவரை அவள் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். சவுண்டுக்காரரைப் படம் வரைகிறவர் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். இப்போது மூன்று பேரும் டீக்குக்கூடச் சேர்ந்து போவதில்லை.

இன்று அவளைத் தனி அறைக்கு அழைத்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் சாட்சியாக அட்டவணை, அதே பிளஸ் முப்பதோடு. மேஜையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா.

“கேம்ல சிவப்பு நாட்டுக்கு ‘ஒப்புதல் கடிதம்’னு ஒரு சட்டம் வச்சிருக்கேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். தப்பே பண்ணாதவங்களும் பண்ணேன்னு எழுதித் தரணும். மகிழ்ச்சி மைனஸ் அஞ்சு.”

“அதை யோசிக்கும்போதே வயிறு வலிக்கச் சிரிச்சேன். எப்பேர்ப்பட்ட கேவலம்!” என்றபடி தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “இப்ப எழுது. ‘நான் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எண்ணை மாற்றியதை ஒப்புக்கொள்கிறேன்.’”

“நான் மாத்தவே இல்ல சார்.”

“எழுதினா கௌரவமா வேலையை விட்டுப் போகலாம். எழுதலேன்னா அனுபவச் சான்றிதழ் கிடையாது. அடுத்த கம்பெனிக்காரன் போன் பண்ணிக் கேட்டா நான் என்ன சொல்வேன்னு நீயே யோசிச்சுக்க.”

அவளுக்கு அது முதல் வேலை. ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

“சனிக்கிழமை சாயந்திரம் மைனஸாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டு. சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. நான் எப்படி சார் மாத்த முடியும்?”

“அதான் எனக்கும் புரியல!” என்று மேஜையைத் தட்டினார். “அவ்வளவு கைகாரி நீ!”

அவள் பேனா மூடியைத் திறந்தாள்.

கதவு தட்டப்பட்டது. மாமன்னரின் மனைவி, கையில் அவருடைய மூக்குக்கண்ணாடியோடு.

“இதை விட்டுட்டு வந்து எந்த தேசத்தை ஆண்டுக்கிட்டு இருக்கீங்க?” என்றவள், சுவரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். “அட, நம்ம பிளஸ் முப்பது! இங்கயும் வந்துடுச்சா?”

டெஸ்டரின் பேனா நின்றது. “நம்மதுன்னா… என்ன அக்கா?”

“ஞாயித்துக்கிழமை சாயந்திரமானா வீட்ல இந்தக் கேம்தான்மா. இவருக்குச் சிவப்புக் கொடியைத் தவிர வேற எதுவும் ஆகாது. பார்க்க கம்பீரமா இருக்காம்! நான் பாட்டுக்கு ராணியா இருந்து ஒரே நாள்ல மூணு வாட்டி தோக்கடிச்சேன். ‘இரு, சின்னதா ஒரு பழுது’ன்னு என்னமோ தட்டினார், அதுலேருந்து ஜெயிக்கிறார். ஆனா வாராவாரம் யாரோ அதை மறுபடி மைனஸ் ஆக்கிடறாங்களாம். என் மேலகூட சந்தேகப்பட்டார், பாரேன்!”

“அது… வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கிற கேம்” என்றார் மாமன்னர். குரல் பாதியாகியிருந்தது. “வீட்ல மாத்தினா வீட்டோட போயிடும்…”

“வீடு, ஆபீஸ் எல்லாத்துக்கும் ஒரே பொது அட்டவணை போதும்னு போன மாசம் நீங்கதானே சார் இணைச்சீங்க?”



மாமன்னர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அவள் முன்னாலிருந்த தாளைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்தார். மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க, ‘நான் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்…’ என்று எழுத ஆரம்பித்தார்.