சாய்ந்த ஏழு

ஜன்னல் வெளிச்சத்தில் பழைய துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, குழலில் பொறித்திருக்கும் படை எண்ணை லென்ஸ் வைத்துத் துருவிப் பார்க்கிறார் மதிப்பீட்டாளர். கொண்டுவந்தவள், அதைச் சுற்றியிருந்த சட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் இறந்த கணவரின் சட்டை. குழலெங்கும் துரு அரித்த குழிகள். எண் மட்டும் அந்தக் குழிகளின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் சொல்வதென்று அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "இந்த நம்பர், துப்பாக்கி துரு பிடிச்சப்புறம் யாரோ அடிச்சதும்மா." "தெரியும். அவர்தான் அடிச்சார், நான் டார்ச் பிடிச்சேன். கடைசிவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல. உங்ககிட்ட தேறுதான்னு பாத்தேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "நல்ல கைவேலைதாம்மா. இந்த ஏழு மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு." அவள் குனிந்து, அந்த எண்ணை விரலால் மெல்லத் தடவுகிறாள். "அப்ப நான் தும்மிட்டேன்."