ஊதாத ஒண்ணு

இரும்புக் கம்பியோடு மாடியேறிய வெல்டர் ஒரே உதையில் கதவைப் பெயர்த்தான். சாக்ஸபோன்காரர் எழுந்திருப்பதற்குள் கம்பி இறங்கியது. வாத்தியம் நசுங்கியது. அடுத்த வீச்சில் அவர் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை இன்ஸ்பெக்டர் வந்து பிடித்தார். வெல்டர் அசரவில்லை. போலீசுக்குப் போன் போட்டதே அவன்தான்.

"நியாயத்தைக் கேளுங்க சார்! ஒரு வாரமா சாயங்காலமானா ஊத ஆரம்பிச்சிடறான். முழுசா ஊதித் தொலைக்கிறானா? பாதியில நிறுத்தறான், மறுபடி முதல்லேருந்து! மனுஷனுக்கு மண்டை காயாதா? கீழே என் பொண்டாட்டி எழுந்திரிக்க முடியாமக் கிடக்கா!"

"என்னய்யா ஊதறே?"

"ஜாஸ் பாடம் சார்." சாக்ஸபோன்காரர் சட்டையால் வாயைத் துடைத்தார். "சுரக்கூட்டுக்கெல்லாம் நம்பர் உண்டு. ரெண்டு, அஞ்சு, ஒண்ணுன்னு போகும். ஒண்ணு வந்தாதான் வீடு வந்து சேர்ந்த மாதிரி."

"அந்த ஒண்ணை ஊதறதுக்கு என்னடா கேடு?" வெல்டர் எகிறினான்.

"பழகறதை தினமும் போன்ல பதிவு பண்ணுவேன். நேத்து ஊதினதைக் கேளுங்க சார்."

போனில் இரண்டு ஒலித்தது. ஐந்து ஒலித்தது. சாக்ஸபோன் நின்றது. அந்த இடைவெளியில், தரைக்கு அடியிலிருந்து 'தொம்' என்று ஓர் அடி. கூடவே ஒரு பெண்ணின் அலறல்: "ஐயோ, விட்டுடுங்க! செத்துடுவேன்!"

வெல்டர் வாசலைப் பார்த்து நகர்ந்தான்.

"போன வாரமே உங்க ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன் சார். ஆதாரம் இருக்கான்னு கேட்டாங்க. அதான், அந்தக் குரல் பதிவாகட்டும்னு ஒண்ணை நான் ஊதலை."