மரத்தெய்வத்தின் இடக்கண்

பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டு ஊரான ரொக்ஸ்பரோவில், சிவநேசத்தின் பக்கத்து வீட்டு மார்ட்டின், தன் கையாலேயே செதுக்கிப் பின்வளவில் நட்டுவைத்த ஓடின் என்ற வடநாட்டுத் தெய்வத்தின் முன் முழந்தாளில் நிற்கிறான். சின்னக் கூரையின் கீழ் ஒரு மரத்தூண். நீண்ட தாடி, ஒரு வலக்கண், இடக்கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி. அந்தக் குழியைத்தான் சிவநேசம் இன்று காலை சந்தனத்தால் நிரப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கண் திறந்துவிட்டாள். சாமியைக் குருடாக நிற்கவைத்துவிட்டு ஒரு மனிசன் எப்படி நித்திரை கொள்கிறான் என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. இப்போது மார்ட்டின் அதைச் சிற்றுளியால் சுரண்டுகிறான், பல் வைத்தியரைப் போலப் பொறுமையாக. முதல் பனியில் மஞ்சள் துகள்கள் உதிர்கின்றன. அவன் பிரெஞ்சில் மெல்லச் சொல்வதை மகன் சாரங்கன் தமிழில் சொல்கிறான். “கோவமில்லையாம் அம்மா. ஞானம் வேணுமெண்டு அந்தச் சாமி தானே தன்ர கண்ணைத் தோண்டிக் குடுத்ததாம். அது குழியாத்தான் இருக்கோணுமாம்.” சிவநேசம் சால்வையை இறுக்கிக்கொண்டு மகனைப் பார்க்கிறாள். வன்னிப் போரில் ஷெல் துண்டு பாய்ந்த இடத்தில் அவனுக்குப் பொய்க்கண். இந்தக் குளிர்காற்றில் அது மட்டும் கலங்குவதில்லை. “குடுத்ததாமோ? உன்ர கண்ணை உன்னட்டைக் கேட்டோடா எடுத்தவங்கள்?” அம்மா என்ன சொல்கிறாள் என்று மார்ட்டின் கேட்கிறான். “நன்றி சொல்லுறா” என்று பிரெஞ்சில் சொல்கிறான் சாரங்கன்.