முருங்கைச் சக்கையின் வீறாப்பு

தமயந்தி வீட்டுக் கொல்லையில் ஒரு எரிவாயுத் தொட்டி இருந்தது. சமையலறைக் கழிவை அதில் கொட்டினால், உள்ளே இருக்கும் கிருமிகள் தின்றுவிட்டு அடுப்புக்கு வாயு கொடுக்கும். பழைய சோறும் வாழைப்பழத் தோலும் போன வேகத்தில் கரைந்துவிட்டன. முருங்கைச் சக்கை மட்டும் ராஜா மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

"தமயந்தி குடும்பமே மென்னு பார்த்து, முடியாம இலையோரம் துப்பிடுச்சு. நீங்க எந்த மூலைக்கு?" என்று அது கேட்டது. பட்டினி கிடந்த கிருமிகள் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கின.

அடுப்பு அழுது வடிந்தது. எரிச்சலான தமயந்தி, கழிவை இளக்கும் நொதி ஒரு புட்டி வாங்கிவந்து தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"நீயும் கடிக்கத்தான் வந்தியா?" என்றது சக்கை.

"எனக்குப் பசியே கிடையாது," என்றது நொதி. "முடிச்சு எங்கே இருக்குன்னு பார்ப்பேன். அவிழ்த்துட்டு அடுத்த ஆள்கிட்டே போயிடுவேன்."

"எங்கே, அவிழ் பார்ப்போம்!"

நொதி லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்தது. "அவ்வளவுதானா?" என்று சக்கை சிரிக்கப் பார்த்தது. குலுங்கிச் சிரிக்க உடம்பு ஒன்றாக இல்லை. நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. கிருமிகள் பந்திக்கு உட்கார்ந்தன.

சில நாளில் அடுப்பில் நீலமாகச் சீறிக்கொண்டு எரிந்தது அதே சக்கைதான். மேலே சாம்பாரில் மிதந்த முருங்கைக்காய்த் துண்டு ஒன்று பீற்றிக்கொண்டது: "எங்களை எவனாலும் முழுசா தின்ன முடியாது!"

சுடர் இன்னும் நிமிர்ந்து எரிந்தது.

"முதல்ல நல்லா வேகு தம்பி. மத்ததைத் தொட்டியில போய்ப் பேசு."