நடை பத்தாது

"இன்னும் நடை பத்தாது. நான் கயித்தைப் பிடிச்சா உக்காந்துருது பாருங்க" என்றாள் ஆவுடையம்மாள்.

சண்முகையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் ரிஜிஸ்தர் ஆபீசில் ஆட்களை மேய்த்து ரிட்டயர் ஆனவர், மூன்று மாத நாய்க்குட்டியிடம் தோற்பதா? கயிற்றை அவர் பிடித்தால் குட்டி மணி காலை ஒட்டி ஒழுங்காகத்தான் வருகிறது. மனைவி பிடித்தால் மட்டும் பந்தியில் இடம் பிடித்தது போல் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிறது.

குட்டியைக் கொடுத்தவன் மைத்துனன் வெள்ளத்துரை. இளையரசனேந்தலிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தான். காசு வாங்கவில்லை; கெடு மட்டும் வைத்தான்.

"ஒரு மாசத்துல அக்கா கூடயும் கயித்துல நடக்கணும் அத்தான். இல்லன்னா திருப்பித் தூக்கிட்டுப் போயிருவேன்."

இப்போது மணியைப் பிரிவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசை காட்டிப் பழக்கலாம் என்றால் பொரிகடலையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருவாட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேரடி வழியாகப் போக அவருக்குக் கூச்சம். உங்கள் கருப்பட்டி மிட்டாயைத்தான் மோந்து மோந்து பார்க்கிறது என்று ஆவுடையம்மாள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். சாயங்காலக் காப்பியோடு நாலு துண்டு உள்ளே போகாவிட்டால் சண்முகையாவுக்குத் தலைவலி வரும். ஆனாலும் வளர்த்த பாசம் விடவில்லை. நாலையும் பொடிப்பொடியாக உடைத்துக் குட்டிக்கே கொடுத்தார்.

முதலில் தேரடி வரை நடந்தார்கள். பத்தாது என்றாள். தெப்பக்குளம் வரை போனார்கள். அதுவும் பத்தாது. வேலையில்லாமல் ரோட்டில் நடப்பவன் கூறுகெட்டவன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், காலையும் மாலையும் ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார். கால் பெருவிரலில் மாதக்கணக்காக இருந்த புண் ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கெடு நாளன்று வெள்ளத்துரை வந்தான். ஆவுடையம்மாள் கயிற்றைப் பிடித்தாள். மணி சமர்த்தாகத் தெருமுக்கு வரை அவளோடு போய்த் திரும்பியது.

"இனி உங்க நாய்தான் அத்தான்" என்றான் வெள்ளத்துரை.

சண்முகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மைத்துனனுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்குக் கிளம்பினார். பையை மறந்து வாசலிலிருந்து திரும்பியவரின் காதில் அடுப்படிப் பேச்சு விழுந்தது.

"இது நாலு நாள்ல பழகுத சாதியாச்சே அக்கா? என்னைய எதுக்கு ஒரு மாசம் கெடு வைக்கச் சொன்ன?"

"மூணே நாள்ல பழகிட்டுலே. நான்தான் மத்தக் கையில கருவாட்டைக் காட்டி உக்கார வச்சேன். சக்கரை வியாதி, மிட்டாயை விடணும், நிதம் மூணு மைல் நடக்கணும்னு டாக்டர் சொன்னதுக்குச் சண்டைக்குல்லா போனாக ஒங்க அத்தான்? அவுகளைப் பழக்கத்தான் ஒரு மாசம் ஆயிட்டு."