போன் அடிக்காத டாக்டர்

அவர் வந்துவிட்டார். அதே வெளிர்நீலச் சட்டை, அதே சிமெண்ட் பெஞ்ச். நூலக ஜன்னலில் மூக்கைப் பதித்து நின்றாள் தராசு.

"மூணு வாரமா இதே வேலையா இருக்கே. அவருக்கு உங்கப்பா வயசுடி!" என்றாள் அறைத்தோழி.

"கத்தாத. பன்னிரண்டு மணிக்குள்ள முடிவு எடுத்தாகணும்."

முடிவு கல்யாணத்தைப் பற்றியது அல்ல, அதைவிட விவகாரமானது. மருத்துவப் பட்டம் வாங்கியாயிற்று. மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று கணினியில் தட்டிப் பூட்ட வேண்டும். பூட்டியபின் ஆண்டவனே வந்தாலும் திறக்காது. பேனா வாங்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்கி, பழைய பேனாவோடு திரும்புகிறவள் என்பதால்தான் விடுதியில் அவளுக்குத் தராசு என்று பெயர்.

வெளியூர்க் கல்லூரியில் படித்தவள். இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சேரப்போகிறவர்களுக்காகப் போன மாதம் ஒரு கூட்டம் நடத்தினார்கள். "மருத்துவம் தொழில் அல்ல, தவம்" என்று தொடங்கி வைத்தார் ஆஸ்பத்திரியின் முதல்வர். "கத்தி என்பது கடவுளின் ஆறாவது விரல்" என்று ஆரம்பித்த அறுவை சிகிச்சைத் தலைவர், போன் அடித்ததும் மீதி ஐந்து விரல்களையும் மறந்துவிட்டு மேடையிலிருந்து ஓடினார். "இதயம்தான் என்னைத் தேர்ந்தெடுத்தது" என்றார் இதய நிபுணர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று அழைப்புகள். குழந்தை மருத்துவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

கூட்டத்துக்கு வந்தவள் தோழியோடு இங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். அன்றிலிருந்து தராசு யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் தவம் என்பார்கள். பார்த்தால்தான் உண்மை தெரியும்.

போன் அதிர்ந்தது. அம்மா.

"என்னடி முடிவு பண்ணே? பெரியப்பா எலும்பு எடுக்கச் சொல்றார்."

"அவருக்கு முட்டி வலிம்மா."

"சித்தி கண்ணு எடுக்கச் சொல்றா."

"அவங்களுக்குக் கண்ணுல புரை."

"சரி, அத்தை சொல்ற வயிறு?"

"ஏம்மா, நான் படிக்கப் போறேனா, நம்ம குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி கட்டப் போறேனா?"

"உனக்கு என்னதான்டி வேணும்?"

தூங்கணும்மா என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். பயிற்சி டாக்டராக இருந்த ஒரு வருடத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். இன்னும் முப்பது வருடம் இப்படியே என்றால் என்ன ஆவது? இந்தப் பயத்தை எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியாது.

பெஞ்ச் மனிதர்தான் அவளுக்கு வழிகாட்டினார், அவருக்கே தெரியாமல்.

தினமும் பத்து மணிக்கு முதல்வர் அலுவலகத்துக்குள் போய் ஒரு கையெழுத்துப் போடுவார். பிறகு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரிப்பார். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வரும், ஸ்ட்ரெச்சர் ஓடும், ஆட்கள் ஓடுவார்கள். அவர் வழிவிடக் காலை மட்டும் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். பன்னிரண்டு அடித்தால் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுவார். மூன்று வாரத்தில் அவர் போன் ஒரு முறைகூட அடித்ததில்லை.

"அவர் டாக்டர்தானா முதல்ல?" என்றாள் தோழி.

"வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடிக்கிறார். நர்சுங்க 'குட்மார்னிங் டாக்டர்'னுதான் சொல்றாங்க."

"மத்த டாக்டருங்க அவரைப் பார்த்தா பெருமூச்சு விடறாங்களே?"

"வயித்தெரிச்சல்! எமர்ஜென்சியில ஷிஃப்ட் முடிஞ்சா முடிஞ்சதுதான்டி. போன் போட்டுத் துரத்த மாட்டாங்க. எல்லாரும் சத்தத்தைப் பார்த்துப் பயந்து ஓடறாங்க. நான் அந்த மனுஷரைப் பார்த்தேன்."

பதினொன்றரை மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். 'இத்துறையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?' என்று கேட்டது பெட்டி. 'உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான அந்த ஒரு நொடியில் நிற்பதே என் பிறவிப் பயன்' என்று தட்டினாள்.

"அடிப்பாவி, உன் பிறவிப் பயன் தூக்கம்தானே?"

"அதுக்குப் பெட்டி இல்லையே."

பொத்தானை அழுத்தினாள். பூட்டு விழுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் திரும்ப எடைபோடாமல் எழுந்து, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். அவர் கிளம்புவதற்குள் ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும்.

"சார், உங்க டிபார்ட்மென்டையே எடுத்துட்டேன்!"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எமர்ஜென்சியா? யாரும்மா உனக்கு இந்த யோசனை சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். உங்களைப் பார்த்துத்தான். இவ்வளவு சத்தத்துக்கு நடுவுல இந்த நிம்மதி வர எத்தனை வருஷம் சார் ஆகும்?"

"பதினெட்டு வருஷமா இந்த வாசல் வழியா ஓடியிருக்கேன். இங்க ஒரு பெஞ்ச் இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா."

"அப்போ... இப்ப எப்படி சார்?"

அவர் செய்தித்தாளை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கம்மா."